செயின் சாவில் அறுத்த வட்டத் துண்டுகள்: சமமாக்குவதற்கும் வழவழப்பாக்குவதற்கும் எந்த வழி நல்லது?

வேப்பங்கிளை

வணக்கம் நண்பர்களே. குறுக்கே அறுத்த வட்ட மரத்துண்டுகள் கொஞ்சம் கைக்கு வந்திருக்கின்றன. விட்டம் 35 முதல் 45 செ.மீ. வரை. செயின் சாவில் அறுத்தவை என்பதால் ஒரு பக்கம் 5 செ.மீ. கனம் இருந்தால் எதிர்ப்பக்கம் ஆறரை இருக்கிறது. முகம் முழுக்க ரம்பப் பல் உழுத கோடுகள். இரண்டை ஸ்டூல் பலகையாக்கவும், மற்றவற்றைச் சுவரில் மாட்டவும் எண்ணம்.

ஆர்பிட்டல் சாண்டரில் (சுழன்று அதிர்ந்து தேய்க்கும் மின்கருவி) 80 நம்பர் உப்புத்தாள் போட்டு ஒரு துண்டை நெடுநேரம் தேய்த்தேன் (நம்பர் கூடக் கூடத் தாள் நயமாகும்). கைக்கு வழவழப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நேர்சட்டத்தை வைத்தால் அடியில் வெளிச்சம் தெரிகிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது. ஒரு மூலையில் எண்ணெய் தொட்டு வைத்துப் பார்த்தேன். அதுவரை கண்ணில் படாத சுருள் சுருளான கீறல்கள் கறுப்பாக எழுந்து வந்தன.

என்னிடம் இருப்பவை: ஆர்பிட்டல் சாண்டர், 6 மி.மீ. தண்டுள்ள பிட் பிடிக்கிற சின்ன ரவுட்டர் (வேகமாகச் சுழலும் பிட் என்ற வெட்டுமுனையால் மரத்தைக் குடையும் கருவி), கைக்கடக்கமான ஒரு பிளாக் இழைப்புளி. நண்பர் ஒருவரிடம் திக்னஸ் பிளேனர் (பலகையை உள்ளே இழுத்து ஒரே கனமாகச் சீவித் தரும் இயந்திரம்) உண்டு. பேசாமல் அதில் விட்டு எடுத்துவிடலாமா?

தச்சுமேசை

பிளேனரில் மட்டும் விடாதீர்கள் சகோ. மற்றதை அப்புறம் பேசலாம்.

பலகையில் நார் படுத்திருக்கும், கத்தி அதைச் சீவிக்கொண்டு போகும். வட்டத் துண்டில் நார் செங்குத்தாக நிற்கிறது. இறுக்கிக் கட்டிய துடைப்பத்தின் நுனிமேல் கத்தியை ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் குச்சிக்குப் பக்கத்துக் குச்சி முட்டுக் கொடுக்கும். கடைசி வரிசைக்கு முட்டுக் கொடுக்க ஆளில்லை. பிளேனரின் உருளைக் கத்தி அந்தக் கடைசி விளிம்புக்கு வரும்போது நாரை வெட்டுவதற்குப் பதிலாகப் பிடுங்கி எறியும். சில நேரம் பட்டையோடு ஒரு துண்டு பிய்ந்து போவதோடு நிற்கும். சில நேரம் மொத்தத் துண்டும் உள்ளே உடைந்து உங்கள் பக்கமே திரும்பி வரும். ஏற்கெனவே விரிசல் விட்ட துண்டு என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

டிரம் சாண்டர் (உப்புத்தாள் சுற்றிய உருளை ஓடும் இயந்திரம்) கிடைத்தால் அது வேறு கதை. அது தேய்ப்பது, கத்தியால் வெட்டுவதில்லை. ஒவ்வொரு தடவையும் மிகக் கொஞ்சமாக இறக்கினால் வேலை நடக்கும்.

இன்னொன்று. சமமாக்குவது ஒரு வேலை, வழவழப்பாக்குவது வேறொரு வேலை. நீங்கள் இரண்டாவது வேலைக்கான கருவியை வைத்துக்கொண்டு முதல் வேலையைச் செய்ய முயல்கிறீர்கள். ஆர்பிட்டல் சாண்டர் மேட்டிலும் பள்ளத்திலும் ஒன்றுபோல ஏறி இறங்கும். மேட்டைக் குறைக்காது, அலையை வழவழப்பாக்கித் தரும்.

பழைய உளி

சமமாக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி: துண்டு காய்ந்திருக்கிறதா? இதற்குப் பதில் தெரியாமல் ரவுட்டரையோ இழைப்புளியையோ கையில் எடுப்பது வீண். ஈரத் துண்டை இன்று கண்ணாடிபோல் சமமாக்கினாலும் அது காயக் காயக் குவியும், முறுக்கும், வெடிக்கும்.

வேப்பங்கிளை

ஐயா, மரம் விழுந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் கட்டையாகக் கிடந்ததைச் சமீபத்தில்தான் துண்டு போட்டார்கள். ஒன்றில் மட்டும் நடுவிலிருந்து விளிம்பு வரை மெல்லிய விரிசல் ஓடியிருக்கிறது. ஈரமானி இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய உளி

கட்டையாகக் கிடந்த காலத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முழுக் கட்டையின் உள்ளே ஈரம் வருடக்கணக்கில் தங்கும். துண்டு போட்ட நாளிலிருந்துதான் உண்மையான உலர்த்தல் தொடங்குகிறது.

ஈரமானி தேவையில்லை, சமையலறைத் தராசு போதும். துண்டை எடை போட்டு, எடையையும் தேதியையும் துண்டின் அடியிலேயே பென்சிலில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை திரும்பப் போடுங்கள். எடை இறங்கிக்கொண்டிருந்தால் இன்னும் ஈரம் போகிறது என்று பொருள். அடுத்தடுத்த சில வாரங்கள் அதே எடை நின்றால், துண்டு உங்கள் அறையின் காற்றோடு ஒத்துப்போய்விட்டது. வேலையைத் தொடங்கலாம்.

பலகைக்குச் சொல்கிற ‘அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம்’ கணக்கு இதற்குப் பொருந்தாது. நாரின் நீளவாக்கில் ஈரம் வெளியேறும் வேகம், குறுக்குவாக்கில் வெளியேறுவதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு அதிகம். வட்டத் துண்டில் இரண்டு முகமும் திறந்த நார் வாய்கள்தான், அதனால் மாதங்களில் காய்ந்துவிடும். வேகமாகக் காய்வதால்தான் வெடிப்பும் சுலபமாக வருகிறது.

விரிசல் ஏன் எப்போதும் நடுவிலிருந்து விளிம்புக்கே ஓடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மரம் சுருங்கும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேக்கையே எடுங்கள். நன்றாக அடங்கி நிற்கும் மரம் என்று பெயர் வாங்கியது, அதிலும் பச்சையிலிருந்து முழுக்க உலரும்போது ஆரவாக்கில் சுமார் 2.5 சதவீதம், வளையவாக்கில் 5.8 சதவீதம்.

வளையவாக்கில் 8, ஆரவாக்கில் 4 என்று சுருங்குகிற மரம் ஒன்றை வைத்துக் கணக்குப் போடுங்கள். முழுக்கக் காய்ந்தபின் வளையம் மூடி நிற்பதற்குத் தேவையான நீளத்தைவிட நான்கு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவே குறைந்திருக்கும். 360 டிகிரியில் அது சுமார் 15 டிகிரி இடைவெளி. வீட்டுக்குள் இருக்கும் மரம் அவ்வளவு தூரம் உலர்வதில்லை, ஆனாலும் ஏறக்குறைய பத்து டிகிரிக்கான இழுவை அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. அது ஒரே பெரிய வெடிப்பாகத் திறக்கலாம், பல சின்னக் கீறல்களாகப் பிரியலாம். உங்கள் மெல்லிய விரிசல் அந்த இழுவையின் தொடக்கம்தான்.

அதனால் நிழலில் வையுங்கள். இரண்டு முகத்துக்கும் காற்றுப் படும்படி அடியில் மெல்லிய சட்டங்கள் கொடுங்கள். தரையில் அப்படியே படுக்க வைத்தால் மேல்முகம் மட்டும் காய்ந்து குவியும். வெயிலும் மின்விசிறியும் வேண்டாம். நாளிதழில் தளர்வாகச் சுற்றி வைத்தால் உலர்த்தல் கொஞ்சம் நிதானமாகும்.

மரத்தூள்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாலிஎத்திலீன் கிளைக்கால் 1000 என்று ஒரு மெழுகுபோன்ற பொருள் உண்டு. தண்ணீரில் கரைத்து அதில் துண்டை ஊறவைத்தால், செல் சுவரில் தண்ணீர் இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். சுருக்கம் வெகுவாகக் குறையும். ஆனால் துண்டு பச்சையாக இருக்கும்போதே ஊறப்போட வேண்டும். காய்ந்த துண்டுக்குப் பயனில்லை. தவிர, ஊறிய துண்டு ஈரக் காற்றில் பிசுபிசுக்கும், மேலே எல்லாப் பூச்சும் ஒட்டாது. வேப்பங்கிளையின் நிலைமைக்குத் தராசும் பொறுமையும் போதும்.

சறுக்குச்சட்டம்

சரி, காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு சமமாக்குவதற்கு வருகிறேன். உங்கள் சின்ன ரவுட்டரே போதும், ஒரு சறுக்குச் சட்டம் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

நல்ல சமமான அடிப்பலகை ஒன்று. அதன் இரண்டு பக்கமும் துண்டைவிடச் சற்று உயரமான இரண்டு தண்டவாளச் சட்டங்கள். இரண்டும் ஒரே உயரம் இருக்க வேண்டும், இதில் சமரசமே வேண்டாம். அவற்றின் மேல் பாலம்போல ஒரு தட்டு முன்னும் பின்னும் நகரும். தட்டில் நீளமான திறப்பு. ரவுட்டர் அந்தத் திறப்பின் மேல் இடமும் வலமும் நகரும். பிட்டின் நுனி எப்போதும் ஒரே மட்டத்தில் திரிவதால் அதற்கு மேல் நிற்பதெல்லாம் போய்விடும்.

தட்டை 6 மி.மீ. ப்ளைவுட்டில் செய்துவிட்டு வெட்டு குழிகிறது என்பவர்கள் நிறையப் பேர். ரவுட்டர் நடுவில் வரும்போது தட்டு தொய்கிறது, பிட் கூடுதலாக இறங்குகிறது, துண்டின் நடு கிண்ணமாகிறது. 18 மி.மீ. ப்ளைவுட் போட்டு, இரண்டு ஓரத்திலும் செங்குத்தாகச் சட்டம் அடித்து விறைப்பாக்குங்கள். கனமான தட்டு பிட்டின் நீளத்தைக் கொஞ்சம் தின்னும், அதனால் தண்டவாள உயரத்தைத் துண்டின் உயரத்துக்கு முடிந்தவரை நெருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டைப் பொருத்தும்போது ஆட்டம் இருக்கும் இடமெல்லாம் மெல்லிய ஆப்பு செருகுங்கள். அழுத்திச் சமமாக உட்கார வைக்காதீர்கள், ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும். ஆப்பையும் துண்டின் ஓரத்தையும் அடிப்பலகையோடு சூட்டுப் பசைத் துப்பாக்கியால் நாலைந்து இடத்தில் ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் பசையின் விளிம்பில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டால் கழன்றுவிடும்.

பிட்: 6 மி.மீ. தண்டில் 20 முதல் 25 மி.மீ. அகலம் வரை போதும். அகலம் கூடக் கூட வேகத்தைக் குறைக்க வேண்டும், பிட்டில் குறித்திருக்கும் உச்ச வேகம்தான் எல்லை. ஒரு தடவைக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை மி.மீ. ஆழம். செங்குத்து நார் பிட்டை நன்றாகவே எதிர்க்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகும், கருகிய இடத்தைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு.

விளிம்புதான் கவனிக்க வேண்டிய இடம். ஒவ்வொரு ஆழத்திலும் முதலில் விளிம்பைச் சுற்றி வந்துவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் துண்டைச் சுற்றி, பிட்டின் பாதி வெளியே இருக்கும்படி. அப்படிப் போனால் பல் பட்டையில் நுழைந்து உள்நோக்கி வெட்டும், நாருக்குப் பின்னால் முழு மரமும் முட்டுக் கொடுக்கும். எதிர்த்திசையில் போனால் உள்ளேயிருந்து வெளியே தள்ளி, பட்டையைப் பிய்த்துவிடும். ஒரு எச்சரிக்கை: இந்தத் திசையில் ரவுட்டர் தானாக முன்னே ஓடப் பார்க்கும். இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, ஆழத்தை ஒரு மி.மீ.க்கு மேல் வைக்காமல் செய்யுங்கள். விளிம்பு முடிந்தபின் நடுவை எப்படி வேண்டுமானாலும் உழலாம்.

ஒரு முகம் முடிந்ததும் திருப்பிப் போடுங்கள். இப்போது ஆப்பு வேண்டாம், சமமான முகம் கீழே உட்காரும். இரண்டாம் முகம் தானாகவே முதல் முகத்துக்கு இணையாக வரும். ஒன்றரை செ.மீ. வித்தியாசம் எங்கே போனது என்று தேடுவீர்கள்.

கைவேலைக்காரர்

சறுக்குச் சட்டம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றிரண்டு துண்டு மட்டும் என்றால் சட்டம் செய்கிற நேரத்தில் இழைப்புளியாலேயே முடித்துவிடலாம். அவரிடம் பிளாக் இழைப்புளி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

சாதாரண இழைப்புளியில் கத்தி 45 டிகிரியில் படுத்திருக்கும். தாழ்கோணப் பிளாக் இழைப்புளியில் கத்தி படுக்கும் படுகை 12 டிகிரி, கத்தி நுனியின் சாணைச் சரிவு 25 டிகிரி, ஆக வெட்டுக்கோணம் 37. செங்குத்து நாருக்கு இந்தத் தாழ்வு நன்றாக உதவும். கத்தியை எவ்வளவு கூர்மையாகத் தீட்ட முடியுமோ அவ்வளவு தீட்டுங்கள். கூர்மை சரியா என்று சீவல் சொல்லிவிடும். மழுங்கல் கத்தியில் தூள் கொட்டும். கூர்மையான கத்தியில் செங்குத்து நார்கூடச் சின்னச் சுருளாக ஒட்டிக்கொண்டு வரும், விரலில் எடுத்தால்தான் உதிரும். வெட்டிய இடம் வெளிச்சத்தில் பளபளக்கும், வளையங்களுக்கு நடுவே துளைகள் ஒவ்வொன்றும் திறந்து தெரியும். எந்த உப்புத்தாளும் அப்படி ஒரு முகத்தைத் தராது.

முதலில் விளிம்பில் 45 டிகிரியில் சின்னச் சரிவு போட்டுவிடுங்கள், ஓரம் பிய்யாது. பிறகு எப்போதும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, இழைப்புளியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து இழையுங்கள். துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போங்கள். முரண்டு பிடித்தால் முகத்தில் ஸ்பிரிட் தடவுங்கள். நார் இளகும், வெட்டு சுலபமாகும், சீக்கிரம் ஆவியாகியும் விடும்.

மேடு எங்கே என்று பார்க்க நேர்சட்டத்தின் விளிம்பில் பென்சில் கரியைத் தேய்த்து, துண்டின்மேல் நாலு திசையிலும் இழுங்கள். கரி பட்ட இடம் மேடு, அங்கே மட்டும் இழையுங்கள்.

சறுக்குச்சட்டம்

கைவேலைக்காரர் சொல்வது 20 செ.மீ. துண்டுக்குச் சரி. 45 செ.மீ. விட்டத்தில், ஒன்றரை செ.மீ. வித்தியாசத்தை, காய்ந்து வைரம் பாய்ந்த மரத்தில், ஒரு பிளாக் இழைப்புளியால்? தோள்பட்டை தாங்காது. அவரிடம் ‘கொஞ்சம்’ துண்டுகள் இருக்கின்றன, ஒன்றிரண்டு இல்லை.

கைவேலைக்காரர்

நியாயம். பெரிய வித்தியாசத்தை ரவுட்டர் எடுக்கட்டும். ஆனால் ரவுட்டர் விட்டுப்போகும் வரி வரியான தடங்களை எடுக்க 60 நம்பர் தாளைத் தேடாமல், இழைப்புளியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நேராக 120க்குப் போய்விடலாம்.

மரத்தூள்

இடையில் யாராவது பெல்ட் சாண்டர் (உப்புத்தாள் பட்டை ஓடித் தேய்க்கும் கருவி) என்று சொல்வதற்குள்: செய்யலாம், ஆனால் அது சமமாக்கும் கருவி இல்லை, வேகமாகத் தின்னும் கருவி. ஒரு விநாடி சாய்ந்தால் பள்ளம். சமமாகிவிட்ட முகத்தில் ரவுட்டர் தடத்தை எடுக்க மட்டும், பெல்ட்டை எப்போதும் நகர்த்திக்கொண்டே பயன்படுத்தினால் சரி.

இனி அந்தச் சுருள் கீறல். நார்கள் திறந்த குழாய்வாய்களாக நிற்பதால் எண்ணெய் உள்ளே இறங்குகிறது. கீறல் பட்ட இடத்தில் நார்நுனி கிழிந்திருப்பதால் அங்கே கூடுதலாகக் குடிக்கிறது, கறுப்பாகத் தெரிகிறது. படுத்த நாரில் தப்பித்துவிடும் கீறல் இங்கே தப்பாது. ஆகவே நம்பர் தாண்டக் கூடாது: 80, 120, 150, 180, 220. பலகைக்கு 80க்குப் பிறகு 150 போடுகிறவர்கள்கூட இதில் அப்படிச் செய்ய முடியாது.

நேரத்தில் பாதியை முதல் நம்பரிலேயே செலவழியுங்கள். ரவுட்டர் தடம், ரம்பக் கோடு எல்லாம் 80லேயே முழுக்கப் போக வேண்டும். அதற்கு மேலுள்ள தாள்கள் முந்தைய தாளின் கீறலை அழிக்க மட்டும்தான். முகம் முழுக்கப் பென்சிலில் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்குங்கள். கிறுக்கல் எல்லா இடத்திலும் மறைந்தால் ஒரு சுற்று முடிந்தது. நம்பர் மாற்றும்போது தூளைத் தூரிகையால் நன்றாகத் தட்டிவிடுங்கள். 80இலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு மணி 180க்கு அடியில் மாட்டினால் அதே சுருள் திரும்ப வரும்.

சாண்டரை அழுத்தாதீர்கள். அழுத்தினால் தட்டு சுழல்வது நின்று அதிர்வு மட்டும் மிஞ்சும், சுருள் கீறலுக்கு அதுதான் முக்கியக் காரணம். சாண்டரின் எடையே போதும். விநாடிக்கு இரண்டு, இரண்டரை செ.மீ. வேகத்தில் நகர்த்துங்கள். ஆமை வேகமாகத் தோன்றும், அதுதான் சரியான வேகம்.

மிருதுவான மரம் என்றால் இன்னொரு தொல்லை. ஒவ்வொரு ஆண்டு வளையத்திலும் முன்பருவத்தில் வளர்ந்த பகுதி மென்மை, பின்பருவத்துப் பகுதி கடினம். பைன் வகைகளில் இந்த வித்தியாசம் மிக அதிகம். பஞ்சு வைத்த தட்டில் தேய்த்தால் மென்பகுதி குழிந்து, கடினப் பகுதி வரம்பாக நிற்கும். விரலை ஓட்டினால் வளையம் வளையமாகத் தட்டும். இதற்குக் கடினத் தட்டு போடுங்கள், அல்லது கடைசிச் சுற்றுகளை ஒரு நேரான மரக்கட்டையில் தாளைச் சுற்றிக் கையால் தேயுங்கள்.

ஒவ்வொரு நம்பருக்கும் பிறகு விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். எண்ணெய் நாளை காட்டப்போவதை ஸ்பிரிட் இன்றே காட்டிவிடும்.

தச்சுமேசை

தூளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த வேலையில் வருகிற தூள் பலகைத் தூளைவிட நயமானது, நீண்ட நேரம் காற்றில் நிற்கும். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 முதலே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்யாதீர்கள். முகத்தில் இறுக உட்காரும் என்95 முகமூடி போடுங்கள், சாண்டரோடு தூள் உறிஞ்சியை இணையுங்கள். ரவுட்டர் ஓடும்போது கண்ணாடியும் காதடைப்பும் சேர்த்து.

வேப்பங்கிளை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. எடை நிற்கும்வரை காத்திருந்து, சறுக்குச் சட்டம் செய்து, முதல் துண்டின் இரண்டு முகமும் முடித்தாயிற்று. ரசமட்டத்தின் குமிழி எந்தப் பக்கம் திருப்பினாலும் நடுவில் நிற்கிறது! ரவுட்டர் தடத்துக்கு இழைப்புளியும் ஓட்டினேன். கைவேலைக்காரர் சொன்ன அந்தப் பளபளப்பைப் பார்த்த பிறகு சாண்டரைத் தொடவே மனம் வரவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. விரிசல் விட்ட துண்டில் இடைவெளி இப்போது விரல் நுழையும் அளவு. எபாக்சி (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றலாமா? ஒரு துண்டில் பட்டை லேசாக ஆடுகிறது, அதை என்ன செய்வது?

பழைய உளி

எடை நின்றுவிட்டதால் ஊற்றலாம். ஈரம் இருக்கும்போது ஊற்றியிருந்தால் மரம் எபாக்சியின் ஓரத்திலிருந்து விலகியிருக்கும், அல்லது புதிதாக வேறிடத்தில் வெடித்திருக்கும்.

ஒரு முகத்தைச் சமமாக்கியதும் விரிசலை நிரப்புங்கள், இறுதிச் சமன் அதன் பிறகு. சமமான முகம் கீழே இருக்க, அடியிலும் வெளி ஓரத்திலும் பேக்கிங் டேப்பை இறுக ஒட்டுங்கள். முதலில் விரிசலின் உள்சுவர்களில் எபாக்சியை மெல்லிதாகத் தூரிகையால் பூசி, கெட்டிப்பட ஆரம்பிக்கும்வரை விடுங்கள். நார்வாய்களில் இருக்கும் காற்று குமிழியாக வெளியேறுவது இந்தப் பூச்சில் அடங்கிவிடும். அதன்பின் ஊற்றுங்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு கனம் என்பது டப்பாவில் இருக்கும். கனத்தைத் தாண்டி ஊற்றினால் சூடேறிக் கொதிக்கும். முகத்தைவிடச் சற்றுப் புடைத்து நிற்கும்படி நிரப்பி, முழுக்க இறுகியபின் சறுக்குச் சட்டத்தில் ஒரு மெல்லிய வெட்டு.

எனக்குப் பிடித்தது என்னவோ விரிசலை அப்படியே விட்டு, பின்பக்கம் குறுக்கே ஒரு பட்டாம்பூச்சிக் கட்டை (இரண்டு முனையும் அகன்று இடை குறுகிய மரத்துண்டு) பதிப்பது. கட்டையின் நார் விரிசலுக்குக் குறுக்கே ஓட வேண்டும், அதுதான் முக்கியம். சுவரில் மாட்டும் துண்டுக்கு இது போதும். ஸ்டூல் பலகை என்றால் எபாக்சியே நல்லது.

பட்டை: வளர்ச்சி வேகமாக இருக்கும் பருவத்தில் வெட்டிய மரத்தில் பட்டை நிற்பது கடினம், பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்படலம் அப்போது மென்மையாக இருக்கும். ஓய்வுப் பருவத்தில் வெட்டியது ஒட்டி நிற்கும். லேசான ஆட்டம்தான் என்றால் நீர்த்த சூப்பர் குளூவை இடுக்கில் ஓடவிட்டு ரப்பர் கயிற்றால் சுற்றிக் கட்டுங்கள். சுற்றளவில் பாதிக்கு மேல் ஆடினால் முழுக்க உரித்துவிடுங்கள். பட்டைக்கு அடியில் பூச்சி குடியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

வேப்பங்கிளை

ஐயா, பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் வைத்திருக்கிறேன். எத்தனை கோட்?

பழைய உளி

எண்ணிக்கை சொல்ல முடியாது, மரம்தான் சொல்லும். முதல் கோட்டை டர்பன்டைன் கலந்து நீர்க்க விடுங்கள். தடவத் தடவக் குடிக்கும், உலர்ந்த திட்டு தெரிகிற இடத்தில் மறுபடி தடவுங்கள். கால் மணி, அரை மணி கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள், விட்டால் பிசினாக நிற்கும். நன்றாக உலர்ந்தபின் அடுத்தது. முகம் எங்கும் ஒரே மினுமினுப்பு வந்ததும் நிறுத்தலாம். குடிப்பதைக் குறைக்க வேண்டுமென்றால் எண்ணெய்க்குப் பதில் முதலில் அரக்குப் பாலிஷ் ஒரு கை பூசி, 320 தாளால் மெல்லத் தடவி, மேலே வார்னிஷ் போடுங்கள். ஸ்டூலுக்கு இதுதான் நிலைக்கும்.

எதுவானாலும் மேல்முகத்துக்கு எத்தனையோ அடிமுகத்துக்கும் அத்தனை. அடியைப் பூசாமல் விட்டால் ஈரம் ஒரு பக்கமாகவே போய்வந்து, சமமாக்கிய துண்டு திரும்பக் குவியும்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு உண்டாகும், குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றை மடிப்பாக விரித்து விறைக்கும்வரை காயவிடுங்கள், இல்லையென்றால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் மூழ்க வையுங்கள்.